பாதி ஃபாயில்

தாம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நானும் தேன்மொழியும் ஆராய்ச்சி மாணவிகள். வெளிச்சம் பட்டால் ஒளிரும் சாயங்களைத் தயாரித்து, உயிரணுக்களுக்குள் செலுத்திப் படம் பிடிப்பதுதான் எங்கள் வேலை. அதே வெளிச்சம் அதிக நேரம் பட்டால் சாயம் செத்துவிடும். அதனால் டியூப்களை அலுமினிய ஃபாயிலில் சுற்றி வைப்போம்.

நான்கு வருடம் உழைத்தும் என் சாயம் மங்கலாகத்தான் ஒளிர்ந்தது. நேற்று வந்த தேன்மொழியின் சாயத்திலோ உயிரணு, சீரியல் விளக்கு போட்ட கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. “சூப்பர்மா!” என்றார் எங்கள் பேராசிரியர். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். அவளுடைய டியூபில் ஃபாயில் பாதிதான் இருந்தது. மீதியில் ஜன்னல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கையை நீட்டி நகர்த்தியிருக்கலாம். பார்க்காத மாதிரி டீ குடிக்கப் போய்விட்டேன்.

மாலையில் அவள் சாயம் ஒளிரவே இல்லை. கண் கலங்கி நின்றாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“ஏம்மா, ஒழுங்கா சுத்தி வெக்கக் கூடாதா?” என்றேன், ரொம்ப அக்கறையாக.

“ஃபாயில் ரோல் தீந்துடுச்சுக்கா. உங்க டியூப் தொறந்தே கெடந்துச்சு. அதான் என்னோடதுல பாதியக் கிழிச்சு உங்களோடதுக்குச் சுத்துனேன். வெயில் இந்தப் பக்கம் வரும்னு தோணல.”

திரும்பி என் டியூபைப் பார்த்தேன். ஓரம் கிழிந்த ஃபாயிலுக்குள் பத்திரமாக இருந்தது.

நான் பார்த்துவிட்டுப் போனதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவள்மேல் பொறாமையும் போகவில்லை. ஆனால் அது இப்போது அவளுடைய சாயத்துக்காக இல்லை.