மீட்டரின் எண்பத்தெட்டுச் சிமிட்டல்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றின் ஐந்து மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் நாகேந்திரம் குடியிருந்தார். தொலைபேசி நிலையங்களின் பற்றரி அறைகளை முப்பத்தொரு வருடம் பராமரித்து, தொழில்நுட்ப உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவர். பிறர் விடும் பிழை கண்ணில் படும்போது அவருடைய முகத்தில் ஒரு தெளிச்சி வரும். மகள் சிவானி வகுப்பில் இரண்டாமிடத்துக்கு வந்த வருடம், தீபாவளிக்கு வந்திருந்த உறவினர் முன்னிலையில் பரீட்சைத் தாள்களைக் கொண்டுவரச் சொல்லி, அவள் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக உரத்து வாசிக்க வைத்தார். அவளுக்கு அப்போது பதினொரு வயது. வந்தவர்கள் முறுக்கைக் கையில் வைத்தபடி, கடிக்கவும் முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய மனைவி அன்னபாக்கியம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் தாதியாக இருந்தவர். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன், உள்ளே வைத்த துணித் துண்டுகளும் கத்தரிகளும் முழுமையாக வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிச் சொல்வது அவர் பொறுப்பு. “கணக்குச் சரி” என்று அவர் சொன்ன பின்னரே வைத்தியர் தையல் ஊசியைக் கையில் எடுப்பார். அத்தனை வருடங்களில் ஒரு துண்டுகூட எவருடைய உடலிலும் தங்கியதில்லை. அந்த அம்மா தம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

சிவானி தானே விரும்பி மணந்த ஹரிசன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன், பல்கலைக்கழகம் போகாதவன். நாகேந்திரத்தின் பார்வையில் முதற்குற்றம் அதுதான். வத்தளையில் வாடகை வீட்டின் முன்னறையில் இருந்து, வெள்ளை எல்.ஈ.டி. பல்புகளுக்கான உதிரிகளை வருவித்துப் பொருத்தித் தன்னுடைய பெயரில் பெட்டியிட்டு விற்றான். கட்டடத்தின் படிக்கட்டுகளுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் புது பல்புகள் போடுவதென்று குடியிருப்பாளர் சங்கம் தீர்மானித்தபோது, அவன் பன்னிரண்டு பல்புகளை ஒரு பையில் கொண்டுவந்து மாமனாரிடம் கொடுத்தான்.

“மாமா, நீங்களே ஒருக்கா சோதிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் சரி எண்டால் ஆரும் மறுக்கமாட்டினம்.”

நாகேந்திரம் அந்த வேலையை நேர்த்தியாகவே செய்தார். படுக்கையறை யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தார். பெரிய அட்டைப் பெட்டியொன்றின் உட்புறத்தை வெள்ளைச் சாயத்தால் மூன்று முறை பூசி, பக்கத்தில் ஓட்டையிட்டு, அதில் ஒளி அளக்கும் மீட்டரைப் பொருத்தினார். பல்பு சூடேறச் சூடேற வெளிச்சம் சற்றுக் குறையும் என்பதால், ஒவ்வொன்றையும் அரை மணித்தியாலம் எரியவிட்டு அதன் பிறகே அளவைக் குறித்தார். பெயர் பெற்ற நிறுவனமொன்றின் பல்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, ஹரிசனின் பல்பு வெளிச்சத்தில் ஒரு மாற்றுக் குறைவில்லை. அது அவருக்குச் சற்று ஏமாற்றம்.

அடுத்து, அது தின்னும் மின்சாரத்தை அளந்தார். வோல்ட் இருநூற்று முப்பது. ஆம்பியர் புள்ளி பூச்சியம் ஏழு. இரண்டையும் பெருக்கினால் பதினாறு வாட். பெட்டியில் அச்சடித்திருந்தது ஒன்பது. முகம் தெளிந்தது.

பற்றரி அறையில் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. அங்கே வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வாட். வேறு கேள்விக்கு இடமில்லை. வீட்டு மின்சாரமோ அலையாக வருவது. இத்தகைய பல்பு அந்த அலையின் உச்சியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே பெருக்கி வரும் தொகையில் பாதியளவே உண்மையில் செலவாகும். முப்பத்தொரு வருடம் பற்றரிகளோடு வாழ்ந்தவருக்கு அப்படி ஒரு சந்தேகமே எழவில்லை.

சங்கக் கூட்டத்துக்கு ஹரிசனையும் வரச் சொன்னார். தலைவர் ஸாலிஹ் ஹாஜியார் இரண்டாம் மாடிக்காரர்; கொட்டாஞ்சேனையில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். ஹரிசனின் பல்புகள் நானூற்றிருபது அவருடைய கடையில் விற்பனைக்கு இருந்தன. நாகேந்திரம் எழுந்து நின்று, தாளைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “பெட்டியில ஒன்பது. தின்னுறது பதினாறு. கிட்டத்தட்ட ரெட்டிப்பு.”

“அப்ப இது பல்ப் இல்லை ஐயா, இஸ்திரிப் பெட்டி” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஹரிசன் எழுந்தான். “மாமா, ரெண்டையும் பெருக்கினால் மட்டும் வாட் வராது. பவர் ஃபேக்டர் எண்டு ஒண்டு இருக்கு…”

“இரும் தம்பி. பல்கலைக்கழக வாசலை வெளியில நிண்டு பார்த்த ஆள் நீர். எனக்கு மின்சாரம் படிப்பிக்க வந்திட்டீரோ?”

இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பலமாக இருந்தது. சிவானி கணவனின் கையைப் பிடித்து இருத்தினாள். அன்று பொழுது சாயுமுன் அந்தத் தாளின் படம் பக்கத்துக் கட்டடங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பல்பு கேட்டு வத்தளைக்கு வந்திருந்த ஓடர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

ஹாஜியார் மட்டும் உடனே கதவைச் சாத்தவில்லை. “மகன், நாகேந்திரம் ஐயா சோதனை பிழைச்சிட்டெண்டு கடிதமொண்டு தந்தாப் போதும். ஞாயித்துக்கிழம வரைக்கும் சாமானெ வெச்சிக்கிறன். அதுக்குப் பொறகு ஏலாது” என்று ஹரிசனிடம் சொன்னார். அந்தக் கடை கைவிட்டால் முன்னறையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஹரிசன் சிவானி மூலம் ஒரு வழி சொல்லி அனுப்பினான். கட்டடத்தின் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய மின்சார மீட்டர் இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஆயிரம் தடவை அதன் சிவப்பு விளக்கு சிமிட்டும். வீட்டில் வேறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பத்துப் பல்புகளை ஒரு மணித்தியாலம் எரியவிட்டால், தான் சொல்வது உண்மையானால் தொண்ணூறு தடவை சிமிட்டும். மாமா சொல்வது உண்மையானால் நூற்றறுபது. “அம்மா எண்ணட்டும். அம்மா என்ன சொன்னாலும் நாங்கள் ஏற்கிறம்” என்றாள் சிவானி.

நாகேந்திரம் சந்தோஷமாகச் சம்மதித்தார். நூற்றறுபது என்று அன்னபாக்கியத்தின் வாயாலேயே வரட்டும் என்று எண்ணினார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் குளிர்சாதனப் பெட்டி முதல் அழைப்பு மணி வரை யாவும் நிறுத்தப்பட்டன. நாகேந்திரம் கீழே ஐந்து நிமிடம் பார்த்து நின்று, மீட்டர் சிமிட்டவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டார். பிறகு மேலே போய்ப் பலகையில் பொருத்திய பத்துப் பல்புகளையும் எரியவிட்டு இறங்கி வந்தார். அன்னபாக்கியம் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து, மடியில் கொப்பி வைத்து, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு கோடு கீறினார். நாகேந்திரம் அவர் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நூற்றறுபது என்றால் இருபத்திரண்டு விநாடிக்கு ஒன்று வரவேண்டும். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் நாற்பத்தொரு விநாடி போயிற்று. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலும் நாற்பத்தொன்று. நான்காவது வருமுன்னரே நாகேந்திரத்துக்கு விளங்கிவிட்டது. பற்றரி அறை, ஒரே திசையில் ஓடும் மின்சாரம், தான் போட்ட பெருக்கல், மருமகன் சொல்ல வாயெடுத்த சொல் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மீதி நேரம் முழுவதும் அவர் அசையாமல் நின்றார். மனதுக்குள் அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.

“எண்பத்தெட்டு” என்றார் அன்னபாக்கியம், பேனையை மூடியபடி. அவருடைய குரலில் சந்தோஷம் தெரிந்தது. “பிள்ளை சொன்னது சரிதானேயப்பா.”

நாகேந்திரமும் எண்பத்தெட்டுத்தான் எண்ணியிருந்தார்.

“நீர் விட்டிட்டீர்” என்றார் நாகேந்திரம்.

“எதை?”

“அரைவாசியை. அது மினுங்கி மறையிறது கண்ணை வெட்டுற நேரத்துக்குள்ள. உமக்கு ஒரு கண்தான் ஒப்பரேஷன் செய்தது, மற்றதில இன்னும் புகை. எத்தினை போச்சு எண்டு உமக்கே தெரியாது.”

“நான் இதில இருந்து அங்கால இங்கால பாக்கேல்லை. நீங்களும் நிண்டனீங்கள்தானே, நீங்கள் எத்தினை எண்ணினீங்கள்?”

“நான் ஏன் எண்ணுறன்? உம்மைத்தானே நம்பி விட்டவை.”

“அப்ப திரும்ப எண்ணுவம். ஒப்பரேஷன் தியேட்டரில ஒத்துவராட்டில் திரும்ப எண்ணுறதுதான் முறை.”

“தியேட்டர்!” அவர் சிரித்தார். “அங்க மட்டும் எத்தினை பேற்ற வயித்துக்குள்ள எத்தினையை விட்டனீரோ, ஆர் கண்டது? செத்தவன் எழும்பி வந்து முறைப்பாடு குடுப்பானோ?”

அன்னபாக்கியம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். விரல் நுனியை வைத்துக் கோடுகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். முப்பதைத் தாண்டியதும் எங்கே நின்றோம் என்பது தடுமாறியது. மறுபடி தொடங்கினார். நாகேந்திரம் அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலே வீட்டுக்கு வந்த பிறகு, பத்தரைக்குச் சிவானியின் அழைப்பு வந்தது. நாகேந்திரம் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

“அம்மா, எத்தினை?”

“எண்பத்தெட்டு, பிள்ளை.” மறுபுறத்தில் சிவானி மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. யாரிடமோ திரும்பி, “எண்பத்தெட்டாம்!” என்றாள். “ஆனா அப்பா சொல்லுறார், நான் கனக்க விட்டிட்டனாம்” என்றார் அன்னபாக்கியம்.

“அவர் சொல்லட்டும். நீங்கள் சொல்லுங்கோ அம்மா. நீங்கள் விட்டனீங்களோ?”

அன்னபாக்கியம் கணவனைப் பார்த்தார். அவர் சுட்டுவிரலால் தம்முடைய இடக்கண்ணின் கீழ் மெதுவாகத் தட்டிக் காட்டினார்.

“விட்டிருப்பன் பிள்ளை” என்றார் அன்னபாக்கியம். “எனக்கு இப்ப வடிவாத் தெரியிறேல்லை.”

பிறகு ஹரிசனின் குரல் வந்தது: “பரவாயில்லை மாமி. நீங்கள் அழாதேங்கோ.”

“கடிதம் இல்லை எண்டு சொல்லும்” என்றார் நாகேந்திரம், குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்சைப் போட்டபடி.

“கடிதம் இல்லையாம், தம்பி.”

திங்கட்கிழமை காலை ஹாஜியார் கடையின் சிறிய லொறி வத்தளைக்குப் போனது. திரும்பி வந்த நானூற்றிருபது பல்புகளையும் எண்ணிப் பொறுப்பெடுத்துக் கையெழுத்திட்டவள் சிவானி.