நான் எழுதாத நாற்பது கட்டுரைகள்

என் வீட்டுக்காரருக்கு முதல் பக்கம் வேண்டும். சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற மனிதர். ஆனால் போனில் ‘ஏற்காடு தங்கும் இடம்’ என்று தேடினால் எங்கள் வீடு ஏழாவது பக்கத்தில் வருகிறது என்பதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன் ஒரு தடவை தேடுவார். ஏழாவது பக்கம். காப்பி குடித்துவிட்டு இன்னொரு தடவை. அதே ஏழாவது பக்கம். “யாரு புள்ள ஏழு பக்கம் தள்ளிப் பாப்பாங்க?” என்று என்னிடம் கேட்பார், ஏதோ நான்தான் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தமாதிரி.

வீடு ஏற்காட்டுக்குப் பக்கத்தில், வெள்ளக்கடையில். மாடியில் மூன்று அறைகள். நான் முப்பது வருஷம் ஏற்காட்டில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் எஸ்டேட் ஒன்றில் ரைட்டராக இருந்தவர். பிள்ளைகள் ஊரை விட்டுப் போன பிறகு, சும்மா கிடந்த மாடியை, மலையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தோம். அதற்கு ஒரு இணையதளம். அதில் நான் எழுதியது ஒரே ஒரு பக்கம். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், கடைசி பஸ்ஸை விட்டால் ஜீப்தான், மூடுபனி இறங்கினால் பகலானாலும் வண்டியை ஓரங்கட்டுங்கள், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் குளிர் மாதங்களில் வராமல் இருப்பது நல்லது, வந்தால் மருந்தைக் கையோடு கொண்டுவாருங்கள். அவ்வளவுதான். “வராதீங்க வராதீங்கன்னு எழுதி வெச்சா எவன் வருவான்?” என்று அதற்கும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாததை நான் சொல்லமாட்டேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேனே தவிர, வாய்க்கு வந்ததை அளந்துவிட்டதில்லை. அதனால் பஜாரில் ‘டீச்சர் சொன்னாச் சரியா இருக்கும்’ என்று ஒரு பேச்சு உண்டு. எந்த மருந்து எதற்கு, எந்தப் படிப்பு எந்தப் பிள்ளைக்கு என்று இன்றைக்கும் வழியில் நிறுத்திக் கேட்பார்கள். இந்த மலையில் நான் சம்பாதித்தது என்று சொன்னால் அந்தப் பேர் ஒன்றுதான். அதைத்தான் இந்த மனிதர் எடுத்துக்கொண்டுபோய் இணையத்தில் போட்டார்.

யோசனை கொடுத்தது பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற சேலத்துக்காரர். “கட்டுரை நெறைய போடுங்க சார். தளத்துல சரக்கு இருந்தாத்தானுங்க தேடறப்ப முன்னால வரும். எழுத வராட்டி என்னங்க, ஓசியிலயே கெடைக்குது.” உண்மைதான், கிடைக்கிறது. யார் யாரோ எழுதிய கட்டுரைகளைக் குவித்து வைத்துக்கொண்டு, வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட தளங்கள் இருக்கின்றன. காசு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: எழுதியவர் பெயரும் அவருடைய தளத்துக்குப் போகிற இணைப்பும் கட்டுரையின் அடியில் அப்படியே இருக்க வேண்டும். எடுத்துப் போடுகிறவருக்குச் சரக்கு, எழுதினவருக்கு விளம்பரம். நியாயமான ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எஸ்டேட்டில் அவர் வேலை செய்த விதம் எனக்குத் தெரியும். போன வருஷத்துக் கடிதத்தை எடுப்பார், தேதியை மாற்றுவார், ஊரை மாற்றுவார், இந்த வருஷத்துக் கடிதம் தயார். அதே கைப்பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. எந்த நாட்டு மலையைப் பற்றியோ இங்கிலீஷில் எவரோ எழுதியதை எடுத்து, போனிலேயே தமிழாக்கி, அந்த மலையின் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் சேர்வராயன் மலை என்று மாற்றினார். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. எப்போது பார்த்தாலும் மூக்கு போனுக்குள் இருக்கும். மிளகுக் கொடியைக் கட்டுங்கள் என்றால் காதில் விழாது.

அந்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் என்னிடம் கேட்டார்கள். “ஏனுங்க, கேபிள் கார் எங்கீங்க ஏறணும்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் போனை நீட்டினாள். எங்கள் தளம்தான். சேர்வராயன் மலையின் உச்சிக்குக் கேபிள் காரில் போகலாம் என்றும், மேலே பனிச்சறுக்குக் காலணிகள் வாடகைக்குக் கிடைக்கும் என்றும் போட்டிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்களுக்குச் சமாதானம் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, ஏரியில் படகு இருக்கிறது என்று அனுப்பிவைத்தேன். அந்தப் பையன் முகம் கடைசிவரை தெளியவே இல்லை.

“நம்ம மலையில எங்கீங்க இருக்குது கேபிள் காரு?” என்று அவரிடம் கேட்டேன்.

“அது பொதுவா மலைன்னு எழுதுனது புள்ள. ஒன்னு ரெண்டு அப்படி இப்படி இருக்கும்” என்றார். “அஞ்சாம் பக்கத்துக்கு வந்துட்டோம், தெரியுமா?”

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஒரு நாள் பஜாரில் மளிகைக் கடைக்காரர் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார். “உங்க கட்டுரை படிச்சனுங்க டீச்சர். குளுருக்கு ராத்திரி ஒரு கிளாஸ் ஒயின் நல்லதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்களே சொன்னப்புறம் என்னங்க, எங்கூட்டுல காட்டிட்டேன்.” கடையில் நின்றிருந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பருப்பை வாங்கினேனா, சில்லறையை வாங்கினேனா, எனக்கே நினைவில்லை.

வீட்டுக்கு வந்து தளத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கட்டுரைக்கும் அடியில், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், என் பெயரும் என் போட்டோவும். அதற்குக் கீழே ‘முப்பது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியை’, எங்கள் போன் நம்பர். நாற்பது கட்டுரைகள். நாற்பதிலும்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து எஸ்டேட் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். செய்தது தப்பென்றே அவருக்குப் படவில்லை. “எஸ்டேட்டுல அத்தன வருசம் நான் எழுதுன லெட்டருக்கெல்லாம் கீழ யாரு பேரு? மேனேஜர் பேருதான. எழுதுனவன் பேர எவன் போட்டான்? லெட்டருக்குக் கீழ பெரிய பேரா இருந்தாத்தான் மதிப்பு. நம்ம ஊட்டுல பெரிய பேரு உன்னுதுதான புள்ள.” என்னைக் கௌரவப்படுத்தியதாகத்தான் அவர் நினைப்பு. “நாளைக்கு எடுத்துடறேன்” என்றார். அந்த நாளை வரவே இல்லை, நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். நாற்பதையும் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் வகுப்பை நிறுத்திவிட்டுத் திருத்துகிறவள், என் பெயர் போட்ட நாற்பது கட்டுரைகளைப் படிக்காமல் விட்டேன். கோபத்தில் அந்தப் பக்கமே போகப் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்கழியில் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்த அப்பா என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறவள், என்னை எதற்குக் கும்பிட வேண்டும் என்று ஒரு மாதிரியாக இருந்தது. அந்த அம்மா மட்டும் முகம் கொடுக்காமல், குழந்தையின் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் பத்தடியில் நிற்கிற சில்வர் ஓக் மரம் தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் குழந்தை கட்டிலில் முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. விசில் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

“வீசிங் இருக்குதுங்களா? மருந்து இழுக்கற பம்ப் எங்கீங்க, எடுங்க” என்றேன்.

அந்த அப்பா என்னையே பார்த்தார். “கொண்டாரலீங்க டீச்சர். மலைக்காத்துல மூணு நாள் இருந்தா மருந்தே வேண்டாமுன்னு நீங்கதானுங்க எழுதியிருந்தீங்க. இவ வேணும் வேணும்னா. நான்தான் பேக்குல இருந்து எடுத்து ஊட்டுலயே வெச்சுட்டு வந்தனுங்க.”

பதில் சொல்ல அது நேரமில்லை. வீட்டுக்காரர் போய்ப் பக்கத்து வீட்டு ஜீப்பைக் கொண்டுவந்தார். குழந்தையை என் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டு ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னால் ஒன்றும் தெரியாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்துதான் ஜீப் போனது. ‘சாமி, மெதுவா மூச்சு விடு கண்ணு’ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் குழந்தை பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டியது. நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அந்தப் பாதையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அன்றைக்குப் பயந்ததுபோல் என்றைக்கும் பயந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே முகமூடி மாட்டி, மருந்தைப் புகையாக ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் விசில் குறைந்தது. முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது.

அங்கே இருந்த நர்ஸ் என்னிடம் படித்தவள். “மருந்த நிறுத்தச் சொன்னது எந்த டாக்டருங்க?” என்று அந்த அப்பாவிடம் அதட்டினாள். அவர் என்னைக் கை காட்டினார்.

“டீச்சருங்களா?” என்றாள்.

“நான் எழுதல கண்ணு. என்னோட பக்கத்துல மருந்து கொண்டு வாங்கன்னுதான் போட்டிருக்கேன்.”

அந்த அப்பா போனைத் திறந்து அவளிடம் கொடுத்தார். தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் எழுதிய ஒரு பக்கம் நாற்பதுக்கும் கீழே எங்கேயோ கிடந்தது. அதற்குள் அவள் கண்ணில் பட்டது மூச்சுக் கட்டுரையும் அதன் அடியில் என் பெயரும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பாத்துக்கலாங்க டீச்சர்” என்று சொல்லி வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நானே உட்கார்ந்து நாற்பதையும் அழித்தேன். வீட்டுக்காரர் பின்னால் நின்றார். எங்கே அமுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இருக்கட்டும் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடித்தபோது தளத்தில் என்னுடைய ஒரு பக்கம் மட்டும் இருந்தது. ஒழிந்தது என்று நினைத்தேன்.

எங்கே ஒழிந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு போன். திருச்சியிலிருந்து ஒரு அம்மா. “டீச்சருங்களா? பையனுக்கு ஆஸ்துமா. உங்க கட்டுரை படிச்சோம். எப்ப கூட்டிட்டு வரலாம்?” எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், எங்கள் தளமே இல்லை, நான் கேள்விப்படாத எதுவோ ஒன்று. வீட்டுக்காரர் தேடிப் பார்த்தார். எங்கள் தளத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்து ஒருவர் போட்டிருந்தார். அவரிடமிருந்து இன்னொருவர். சுற்றுலாத் தளம், மூலிகைத் தளம், யோகாத் தளம் என்று பதினைந்து, பதினாறு இடத்தில் அது கிடந்தது. அவர்கள் எல்லோரும் ஒழுங்கானவர்கள். எழுதியவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. மூச்சுத் தொந்தரவும் மலைக்காற்றும் என்று தேடினால் முதல் பக்கத்தில் மூன்று இடத்தில் என் பெயர் வருகிறது. எடுத்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் எழுதினோம். இரண்டு பேர் எடுத்தார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.

மாதத்துக்கு நாலைந்து போன் வருகிறது. முதலில், அது நான் எழுதியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. உங்க பேர் போட்டிருக்கே, போட்டோகூட இருக்கே என்கிறார்கள். ஒரு தாத்தா, “எடம் இல்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடுங்க, எதுக்கு இப்படித் தட்டிக் கழிக்கிறீங்க?” என்று கோபித்துக்கொண்டார். இன்னொரு அம்மா, சரி வேற எடம் பாத்துக்கறோம் என்று வைத்துவிட்டார். எங்கே போனார், மருந்தை எடுத்துக்கொண்டு போனாரா, தெரியாது.

அதனால் இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லை. போனை எடுத்ததும் சொல்லிவிடுகிறேன்: “ஆமாங்க, நான்தானுங்க எழுதுனேன். தப்பா எழுதிட்டேன். மருந்த நிறுத்தாதீங்க.” அப்படிச் சொன்னால்தான் கேட்கிறார்கள்.