மெல்லிய ஃபில்டர்

ஏர்போர்ட் பஸ் நிறுத்தத்தில் நின்று காற்றை விடும் அந்த ‘உஸ்’ எங்கே கேட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். பிரேசர் டவுன் நிறுத்தத்தில் அந்தக் காலைத் தூறல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நான் ஓடியது, பெட்டியின் மேல் உட்கார்ந்து என் தோழி பன் தின்றுகொண்டிருந்தது, எல்லாம் அந்த ஓசைக்குள் இருக்கின்றன.

அவளும் நானும் பல வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தின் ஒரே அறையில் ஒரே நட்சத்திரங்களைப் பார்க்கிறவர்கள். பார்க்கிறோம் என்பது ஒரு பேச்சுக்கு. பார்ப்பது விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி. எங்களுக்கு வருவது எண்கள். நீலமாகக் கொதிக்கும் ராட்சத நட்சத்திரங்கள். தம் ஒளியாலேயே தம் மேனியைத் தள்ளி, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்றாக வீசித் தீர்ப்பவை. வேகக் காற்று மந்தக் காற்றில் மோதுமிடத்தில் எக்ஸ்ரே பிறக்கும். ஓயாமல் தன்னையே இறைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்ததில்லை, விடவும் முடிந்ததில்லை.

தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது, அதன் இரண்டு கேமராக்களுக்கும் எந்த ஃபில்டர் என்று எழுதவேண்டும். நட்சத்திரத்தின் சாதாரண வெளிச்சத்தை மறித்து எக்ஸ்ரேயை உள்ளே விடும் உலோகப் படலம் அது. தடிமனானது பத்திரம், ஆனால் வலுவற்ற எக்ஸ்ரேயையும் தின்றுவிடும். இரண்டுக்கும் தடிமன் என்றாள் அவள். எதையும் இழக்க மனமில்லாமல், ஒன்றுக்கு மெல்லியது என்று மாற்றினேன் நான்.

மெல்லியதில் யாரும் எதிர்பாராத அளவு வலுவற்ற எக்ஸ்ரே குவிந்திருந்தது. தடிமனானதில் சொற்பமாகத்தான் இருக்கும் என்று அதைத் திறக்காமலே ஒதுக்கிவிட்டோம். கட்டுரை அனுப்பியாயிற்று. அதை வைத்தே வெளிநாட்டு மாநாட்டில் பேச அவளுக்கு அழைப்பு. நன்றாகப் பேசினால் அங்கே நிரந்தர வேலை கிடைக்கக்கூடும். இங்கே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவள் அவள்.

அவள் கிளம்பும் காலையில்தான், ஏதோ ஒரு உறுத்தலில், ஒதுக்கிய தரவைத் திறந்தேன். குவியலைக் காணோம். அது நிஜமென்றால் தடிமனானதிலும் கொஞ்சமாவது தலைகாட்டியிருக்கவேண்டும். மெல்லிய படலத்தின் வழியே வெறும் வெளிச்சம் கசிந்திருக்கிறது. கேமரா அதையும் எக்ஸ்ரே என்று எண்ணியிருக்கிறது. நாங்கள் கண்டது காற்றை அல்ல, கசிவை.

போனில் சொல்லும் விஷயமா? வண்டியை எடுத்தேன். சொன்னால் அந்த வேலை போகும். சொல்லாவிட்டால் அரங்கில் யாரோ ஒருவர் கை தூக்குவார். யாருமே தூக்காவிட்டால்? அல்சூர் சிக்னலில் அந்தக் கேள்விதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

“என்னடி ஹெல்மெட்டோட? நீயும் ஏறிடாத, டிக்கெட் ஒண்ணுதான்.”

சொன்னேன். மெல்வதை நிறுத்தினாள்.

“தடி ஃபில்டர்ல சுத்தமா இல்லியா?”

“இல்ல.”

“பின்னணி இரைச்சலக் கழிச்சுப் பாத்தியா?”

“ரெண்டு வாட்டி.”

“நான் அப்பவே முட்டிக்கிட்டேன். ‘சும்மா இரு, நான் பாத்துக்கறேன்’னு நீதான சொன்ன. நல்லா பாத்துக்கிட்ட, தாயே.”

“என் தப்புன்னே சொல்லிடு.”

“ஓஹோ, மேடையேறி உன்னைக் கோள் சொல்லட்டா? அந்த டேட்டா என் கம்ப்யூட்டர்லயும்தான்டி கெடந்துச்சு. நான் தொறந்தேனா?”

மீதிப் பன்னை என் கையில் திணித்தாள். பஸ் வந்து நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி திரும்பினாள்.

“எப்படி ஏமாந்தோம்னுதான் அங்க பேசப்போறேன். நீ கட்டுரைய இன்னிக்கே வாபஸ் வாங்கு. நான் பயந்து மனசு மாறறதுக்குள்ள, போ.”