மிக்சிக்குப் போன ஆள்

துபாய் ஜெபல் அலியில் எங்கள் டூட்டி பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். எல்லாரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு போவோம். பின்சீட்டில் இரண்டு பிலிப்பினோக்கள் மட்டும் தினமும் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். ஏதோ குடும்பத் தகராறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். விசாரித்தால், அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடும் இரண்டு அணிகளைப் பற்றியாம். ஒன்று மஞ்சள் சட்டை, இன்னொன்று பச்சைச் சட்டை. பல வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காரர்கள் ஒரு நெட்டையனை விட்டுவிட்டு வேறொருவனை எடுத்தது சரியா, தப்பா? அந்த நெட்டையன் ஆட்டத்தை விட்டே போய்விட்டான், இவர்கள் விடுவதாக இல்லை. பேரன் பிறந்த பிறகும் கல்யாணப் பந்தியில் பாயசம் பத்தவில்லை என்று இழுக்கும் நம் ஊர் சம்பந்திகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அந்த இருவரில் ஜூன் என்பவன் வேர்ஹவுஸில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். டீ நேரத்தில் அவன்தான் விளக்கினான். வருஷா வருஷம் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கும், அது டிராஃப்ட். மட்டமாகத் தோற்ற அணிக்கு நல்ல ஆளை முதலில் எடுக்க வாய்ப்பு. அப்புறம் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது, அது ட்ரேட். கேட்டுக்கொண்டிருந்த என் அறைக்காரன் மன்னார்குடி ராசுவுக்குப் பொறுக்கவில்லை.

“தோத்தவனுக்கு மொத பந்தியா? நல்லா இருக்குடா நியாயம்! சரி, மாத்துறப்போ அந்த ஆளக் கேப்பாங்களா?”

நான் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். ஜூன் சிரித்தான். “நோ ஆஸ்கிங், பாய். டீம் டிசைட், பிளேயர் கோ. கலாஸ்.” கேட்க மாட்டார்கள், அத்தோடு முடிந்தது என்று ராசுவுக்குச் சொன்னேன்.

“அப்ப அவனுக்கும் கஃபீல் உண்டுன்னு சொல்லு” என்றான் ராசு. எங்கள் விசாவைக் கையில் வைத்திருக்கும் அரபி முதலாளிதான் கஃபீல். அதை நான் மொழிபெயர்க்க, “எஸ் எஸ், பட் சேலரி பிக்” என்றான் ஜூன். அன்றிலிருந்து எங்கள் லேபர் கேம்ப் தமிழர்களுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பந்து எதற்கு? எங்களிடம் மெஸ் இருந்ததே.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புரிய வேண்டும். ஊரில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவனும் இங்கே அறைக்காரர்களோடு காசு போட்டு, முறை வைத்துச் சமைத்தாக வேண்டும். என் முறை வரும் நாளில் அறையே மலையாளி ஹோட்டலுக்குப் போய்விடும். பக்கத்து அறை யாழ்ப்பாணத்துச் சிவநேசன் அண்ணனுடையது. அங்கே நாகப்பட்டினத்துக் குமார் இருந்தான். அவன் மீன் குழம்பு வைத்தால் வாசம் எங்கள் போர்வையில் வந்து படுத்துக்கொள்ளும். அவர்களிடம் மிக்சியும் இருந்தது. இல்லாதது குளிர்ச்சி. ஏசி செத்துப்போய், கேம்ப் பாஸிடம் ஹிந்தியில் மல்லுக்கட்ட ஆளில்லாமல் வெந்துகொண்டிருந்தார்கள். எனக்கோ சமையல்தான் வராது, வாய் நன்றாக வரும்.

ஒரு வியாழக்கிழமை ஓவர்டைம் முடிந்து வருகிறேன், என் பெட்டியும் பாயும் பக்கத்து அறையில் இருக்கின்றன. என் கட்டிலில் குமார் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிறான்.

“ட்ரேட் மாப்ள!” என்றான் ராசு. “குமாரும் மிக்சியும் இங்க, நீ அங்க. கலாஸ்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?”

“நீதானே சொன்னே, கேக்க மாட்டாங்கன்னு!”

தலைக்கணக்கு சரியாக இருந்ததால் கேம்ப் பாஸும் கண்டுகொள்ளவில்லை. சிரித்து வைத்தேன். ஆனால் வலித்தது. ஊரிலிருந்து ஒரே விமானத்தில் என்னோடு வந்தவன் ராசு. போன் கார்டு போட்டு மனைவியிடம் புலம்பினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “எத்தனை ஜார் மிக்சிங்க?”

சிவநேசன் அண்ணன் அறையில் நான் ராஜா. என் ஹிந்திக்குப் பயந்து ஏசி வந்தது, தண்ணீர் ஹீட்டர் வந்தது. “உம்மட வாய் வாய்தான், தம்பி” என்று அண்ணன், தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பலில் எனக்கு முதல் கரண்டி போடுவார். இதற்கிடையில் என் பழைய அறையில் இரண்டு விஷயம் தெரியவந்தது. குமாருக்கு அந்த ஒரு மீன் குழம்பைத் தவிர வேறு எதுவும் வராது. அந்த அறை ஏசியும் மண்டையைப் போட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராசு வந்து வாசலில் நின்றான். “மாப்ள, கோவிச்சுக்காத. நீ இல்லாம ரூம் நல்லா இல்ல. குமாரைத் திருப்பி அனுப்பிடுறோம், வந்துடு.”

எனக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. சிவநேசன் அண்ணன் எழுந்து வந்தார். “உவர் போக விருப்பமெண்டால் போகட்டும். ஆனா வந்த மாதிரியே போகவேணும். குமாரோட சேர்த்து மிக்சியையும் தாங்கோ.”

ராசு என்னைப் பார்த்தான். திரும்பித் தன் அறையைப் பார்த்தான். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, மிக்சியத் தவிர வேற எதுனா கேளுங்க.”

வராந்தாவில் பிடித்துக்கொண்டது சண்டை. முதலில் ஏமாந்தது எந்த அறை, என்னை விட்டது தப்பா, குமாரை வாங்கியது தப்பா என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். வழியில் போன ஜூனை நிறுத்திப் பஞ்சாயத்துக்கு இழுத்தார்கள். அவன் கதை முழுக்கக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். “மிக்சி குட் பிராண்ட்?” என்றான்.

நான் போகவில்லை, அவர்கள் மிக்சியைத் தரவும் இல்லை. அந்தச் சண்டை இன்றைக்கும் முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும், பசியும் எடுக்கும். அண்ணன் போட்ட சம்பலோடு தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிற்பேன். ராசு தேங்காய்ச் சட்னியை வைப்பான். இரண்டு கதவுக்கும் நடுவே வராந்தாவில் உட்கார்ந்து, இரண்டையும் பிசைந்து சாப்பிடுவேன்.