நாமக்கல் பாடி பட்டறையில் விரிந்த நான்கு இறக்கைகள்

டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை நாமக்கல் போய்வந்தேன். கோட்டை ஏறவோ கோயில் பார்க்கவோ போகவில்லை. கப்பலிலிருந்து ஏவப்படும் ஏவுகணை ஒன்றின் மாதிரியில் வால் இறக்கைகள் விரிந்து நிற்க மறுக்கின்றன என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அதைப் பார்க்கத்தான் போனேன்.

அதே வாரம் மேட்டூரிலிருந்து ஒரு வாசகர் தன் கப்பல் மாதிரியின் படங்களை அனுப்பியிருந்தார். ஏவுகணையை இறக்கை விரித்தபடி செய்துவிட்டார். அது கப்பல் தளத்தில் வைக்கும் ஏவுகுழாய்க்குள் போகவில்லை. அதனால் குழாயைப் பெரிதாக்கினார். பெரிய குழாய் நான்கு வைக்கத் தளத்தில் இடமில்லை என்று மூன்றோடு நிறுத்திவிட்டார். "எங்கே தப்பு, டீச்சர்?" என்று கேட்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் என்பதால் இந்தப் பயணத்தையே பதிலாக எழுதுகிறேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஏழரைக்கு நாமக்கல் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ராசிபுரம் ஊருக்குள் போகாத பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். இருபது நிமிடம் மிச்சம். நான் பார்க்காமல் ஏறிவிட்டு ராசிபுரம் நிலையத்தில் ஒரு டீ குடிக்க நேர்ந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் மடியில் நெய் டப்பா இருந்ததால் மீதி வழி முழுக்க நெய் வாசனை. குறை சொல்ல மாட்டேன்.

ஒன்பது மணி சுமாருக்கு இறங்கி, பரமத்தி ரோடு போக ஆட்டோ கேட்டேன்.

"எந்தப் பட்டறைங்க? அங்க போனா வரிசையா லாரி பாடி பட்டறைதானுங்களே."

"துரைசாமி என்று பேர். வாசலில் கப்பல் படம் போட்டிருக்குமாம்."

"அட, அவருங்களா! லாரிக்கு பாடி கட்டச் சொல்லி வண்டிய உட்டா, உள்ள உக்காந்து ராக்கெட்டு செய்யறாரு. ஏறுங்க, ஏறுங்க." நூற்றைம்பது ரூபாய் கேட்டார். இறங்கும்போது, "என்ற மச்சான் வண்டி ரெண்டு வாரமா அங்கதான் நிக்குதுங்க. கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

துரைசாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாதிரி செய்வது பற்றி நான் எழுதும் இந்தப் பக்கத்தை இரண்டு வருடமாகப் படிக்கிறார். சேலத்தில் நடந்த ஒரு மாதிரிக் கண்காட்சியில்தான் முதலில் சந்தித்தோம். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அவருடைய அண்ணன் நல்லசிவம் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏவுகணைக் குழாய்களைப் பராமரித்த குழுவில் இருந்தாராம். எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்பவர் அல்ல. சர்க்கரை வியாதியில் இரண்டு வருடம் முன்பு அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. அவர் கையால் தடவிப் பார்க்கத்தான் தம்பி அந்த மாதிரியைச் செய்துகொண்டிருந்தார்.

துரைசாமி என்னை அவசரமாகக் கூப்பிட்டது ஏன் என்பதை அவர் மனைவி சரசு டீ கொடுக்கும்போது சொன்னார்.

"நாளைக்குப் பெரியவரோட சிநேகிதரு மேத்யூன்னு ஒருத்தரு கொச்சியிலிருந்து வாராருங்க. ஒரே கப்பல்ல இருந்தவிய. பெங்களூருல மகளூட்டுக்குப் போற வழியில பாக்கணும்னு போன் பண்ணுனாரு. பெரியவரு என்னடான்னா, நான் ஊருல இல்லைன்னு சொல்லிருங்கறாரு."

"ஏன் அப்படி?"

"கண்ணு போனவன்கிட்ட அவன் வந்து என்னத்தைப் பேசப் போறான், பாவப்பட்டுட்டுப் போவான், அப்படீங்கறாரு. என்ற ஊட்டுக்காரரு நெனப்பு என்னன்னா, கையில இதைக் குடுத்துட்டா ரெண்டு பேரும் அதைப் பத்தியே பேசிக்குவாங்கன்னு. ஒரு வாரமா சோத்துல கை வெச்சாக் கூட ரெக்கை, ரெக்கைதானுங்க டீச்சர்."

மாதிரி மேசை மேல் இருந்தது. முழங்கை நீள அலுமினிய ஏவுகணை, அதற்கான குழாய், வாலில் நான்கு இறக்கைகள். வேலை சுத்தமாக இருந்தது. போன ஞாயிறு அண்ணன் கையில் கொடுத்திருக்கிறார். அவர் வெளியே இழுத்து, விரிந்த இறக்கையைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது அப்படியே மடங்கிப் படுத்துவிட்டது. "பொம்மை நல்லாருக்குதுடா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பொம்மைன்னு சொன்னதுதானுங்க டீச்சர், எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றார் துரைசாமி.

அதன்பின் இறக்கைக்கு வலுவான ஸ்பிரிங் போட்டார். அப்படியும் மடங்கியது. இன்னும் வலுவாகப் போட்டார். இப்போது இறக்கை குழாயின் உட்சுவரைச் சுரண்டுகிறது, உள்ளே தள்ளவே முடியவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம். குடையை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் எல்லோரும் விரித்த குடையோடு ஏறினால் எத்தனை பேர் ஏற முடியும்? கப்பல் தளத்திலும் இடம் அவ்வளவு சுருக்கம். ஏவுகணை பறக்கும்போது நேராகப் போக அகலமான இறக்கை வேண்டும். குழாய்க்குள் இருக்கும்போது அந்த அகலம் தொந்தரவு. அதனால் இறக்கையைக் கீல் வைத்து உடம்போடு ஒட்டி மடக்கி வைக்கிறார்கள். சிலவற்றில் அடியிலேயே கீல், சிலவற்றில் பாதி இறக்கை மட்டும் மடங்கும், சிலவற்றில் பேனாக்கத்தி போல வெளியே சுழலும். எந்த வகையானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். மூடி வைத்திருப்பது எது? திறப்பது எது? திறந்த பிறகு பிடித்துக்கொள்வது எது? பொத்தான் குடையில் மூடி வைத்திருப்பது ஒரு கொக்கி, திறப்பது ஸ்பிரிங், மேலே போய் "டக்" என்று விழும் தாழ்தான் விரிந்ததைப் பிடித்துக்கொள்வது. அந்தத் தாழ் போய்விட்டால் எவ்வளவு நல்ல ஸ்பிரிங் இருந்தும் காற்று குடையை மடக்கிவிடும்.

துரைசாமியின் மாதிரியில் ஒவ்வொரு இறக்கையின் ஓரத்திலும் அரிசி அளவுக்கு ஒரு கொக்கி இருந்தது. அழகான கொக்கி. அது எதற்கு என்று கேட்டேன்.

"கதவுன்னா கொக்கி இல்லாம எப்படிங்க?" என்றார். ஆச்சரியப்பட்டது அவர்தான்.

பட்டறையில் நின்ற லாரியைக் காட்டினார். பக்கப் பலகைகள் கீலில் தொங்குகின்றன. ஏற்றிக் கொக்கி மாட்டினால் சரக்கு விழாது. கொக்கியை எடுத்தால் பலகை தானாக இறங்கித் தொங்கும். அதைப் பிடித்து வைக்க யாரும் தாழ் போடுவதில்லை. முப்பது வருடமாக அவர் கட்டிய ஒவ்வொரு பாடியிலும் பூட்டு மூடுவதற்குத்தான். அதையே இறக்கைக்கும் செய்திருந்தார்.

குடையை என் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விரித்தார். மடக்கினார். மறுபடி விரித்து, தாழைப் பார்த்தார்.

"அடக் கெரகமே" என்றார். "இது தெறந்ததுக்கப்புறம் பூட்டறதுங்க."

"குழாய்க்குள்ளே எது மூடி வைக்கும்?"

"குழாயேதான் மூடி வெச்சிருக்குதே! என்ற கொக்கிக்கு அங்க வேலையே இல்லையேங்க." தலையில் தட்டிக்கொண்டார். உள்ளே பார்த்து, "சரசு, ஒரு வாரத்து வேலையக் கழட்டிப் போடறேன்" என்று கத்தினார். "மொதல்ல அந்த ஆட்டோக்காரரு மச்சான் வண்டிய முடிச்சுக் குடுங்க" என்று பதில் வந்தது.

நான்கு கொக்கிகளும் போயின. ஸ்பிரிங்கைப் பழைய மெல்லியதற்கே மாற்றினோம். விரிப்பதற்கு மட்டும் போதும், பிடிப்பது அதன் வேலை அல்ல. கீலின் பக்கத்தில் ஒரு துளை. அதற்குள் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கில் ஒரு துண்டு, அதன் தலையில் வெட்டிய தையல் ஊசி. இறக்கை முழுதும் விரிந்ததும் ஊசி எதிர்த் துளைக்குள் குதித்துவிடும். பிறகு கையால் மடக்க முடியாது. முதல் இறக்கையில் துளை ஒரு மயிரிழை தள்ளிப்போய் ஊசி விழவே இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினார். மூன்று இறக்கை சட்டென்று விரிந்து, நான்காவது சோம்பேறியாக வந்தது. கீலில் பெயிண்ட். நிஜத்தில் இப்படி ஒன்று பின்தங்கினால் ஏவுகணை ஒரு பக்கம் இழுக்கும். ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் பரிசல் சுற்றுவது போல. உப்புத்தாளால் தேய்த்ததும் சரியானது. நடுவில் சரசு போட்ட சாப்பாடு, நாட்டுக்கோழிக் குழம்பு. அதைப் பற்றித் தனியாக எழுதலாம்.

மூன்று மணிக்கு அண்ணன் அறைக்குப் போனோம். நல்லசிவம் ரேடியோவை அணைத்தார். முழுக்கைச் சட்டை, சவரம் செய்த முகம்.

"வாங்க டீச்சர். இவன் உங்களை அங்கிருந்து இங்க வரவெச்சுப்போட்டானா? லாரி கட்டறவனுக்குக் கடல் எதுக்குடா?"

"புடிங்கண்ணா" என்று துரைசாமி அவர் கையில் வைத்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

நல்லசிவம் அவசரப்படவில்லை. குழாயின் வாயை விரலால் ஒரு சுற்று சுற்றினார். ஏவுகணையை மெல்ல இழுத்தார். வால் வாயைத் தாண்டியதும் "டக்" என்று ஒரு சத்தம். நான்கு அல்ல, ஒன்று. அவர் கை நின்றது. ஒரு இறக்கையைக் கட்டைவிரலால் அழுத்தினார். நிற்கிறது. அடுத்தது. அடுத்தது. நான்காவதைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே அழுத்தினார்.

"கொக்கி எங்கடா?"

"எடுத்துப்போட்டேனுங்கண்ணா."

"ம்." மறுபடி தடவினார். "திரும்ப எப்படி உள்ள போடறது?"

துரைசாமி ஒரு பல்குத்தும் குச்சியைக் கொடுத்து, ஊசி இருக்கும் துளையை அவர் விரல் நுனியில் காட்டினார். நிஜத்தில் அந்த அவசியம் வருவதில்லை. ஒரு முறை விரிந்தால் விரிந்ததுதான். மாதிரிக்கு மட்டுமே இது. நல்லசிவம் நான்கையும் தானே மடக்கி, உள்ளே தள்ளி, மறுபடி இழுத்தார். டக். மறுபடி. சத்தம் கேட்டுச் சரசும் வந்து வாசலில் நின்றார்.

பிறகு, யாரிடம் என்றில்லாமல், "மேத்யூ நாளைக்கு எத்தனை மணிக்கு வாரானாம்?" என்றார்.

"பத்து மணிக்குங்க" என்றார் சரசு.

"மீன் வாங்கி வை. கோழியெல்லாம் அவன் திங்கமாட்டான்."

நாலரை மணி பஸ்ஸில் திரும்பினேன். கொல்லும் கருவியின் மாதிரியைச் செய்வதில் என்ன மகிழ்ச்சி என்று சில வாசகர்கள் கேட்பதுண்டு. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் பல வருடம் கவனமாகத் தொட்ட ஒரு பொருள் என்ற அளவில் அன்று அது என் முன்னால் இருந்தது.

மேட்டூர் வாசகருக்கும் மற்றவர்களுக்கும்: குழாய்க்குள் இருக்கும் ஏவுகணைக்கு இறக்கை மடங்கியே இருக்கட்டும், கீல் இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு கீறினால் போதும். பறப்பதாகக் காட்டினால் மட்டும் விரியுங்கள். குழாயைப் பெரிதாக்காதீர்கள், உங்கள் நான்காவது குழாய் திரும்ப வந்துவிடும். நிஜமாக மடங்கும் இறக்கை செய்ய ஆசை என்றால் ஸ்பிரிங்கில் காட்டும் அக்கறையைத் தாழில் காட்டுங்கள். நாமக்கல் போகிறவர்கள் காலையில் கிளம்புங்கள். பட்டறைகளில் மதியத்துக்குமேல் வெல்டிங் சத்தத்தில் பேச முடியாது.

இன்னொன்று, ஸ்பிரிங் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை துரைசாமி கூப்பிட்டார். "டீச்சர், ரெண்டு கெழவனுகளும் சேந்து நாள் பூரா டக்கு டக்குன்னு இழுத்து ஒரு ஸ்பிரிங்கை ஒடிச்சுப்போட்டானுகங்க. மேத்யூ சாரு பெங்களூருக்கு இன்னும் கெளம்பலை."