முறைப்பாண்டி எழுந்து போன பந்தி

காசிமாயன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மதுரையில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் அவர் கிளார்க். பகலெல்லாம் பாமாயில் டின்களோடும் சீனி மூட்டைகளோடும் பொழுது போகும். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, விபூதி பூசி, தமிழ்நாட்டைச் சிரிக்க வைக்கிற வேலையில் உட்காருவார். எண்பதாம் ஆண்டிலிருந்து சென்னைத் தொலைக்காட்சிக்கு நகைச்சுவை நாடகம் எழுதி வந்தார். எழுதுகிறவன் தானே சிரித்துவிட்டால் பார்க்கிறவனுக்கு மிச்சம் இருக்காது என்பது அவர் கட்சி.

ஒவ்வொரு நாடகமும் இருபத்திரண்டு நிமிடம். வைகைப் பாலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை போய்த் திரும்புவதற்குள் மொத்த வசனத்தையும் முணுமுணுத்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் வெட்டுவார். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மாதம் ஒருமுறை லீவு போட்டுச் சென்னைக்குப் போய், தயாரிப்பாளர் கிறிஸ்துராஜோடு நின்று ஒத்திகை பார்த்துவிட்டு வருவார். அங்கே சட்டம் ஒன்றுதான்: ஒரு நாடகத்துக்கு ஐந்து நடிகர்கள், ஆறாவது ஆளுக்கு இடமில்லை.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முறைப்பாண்டி என்ற பாத்திரம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஏதாவது ஒன்றுக்குக் கோவித்துக்கொண்டு பாதிப் பந்தியில் எழுந்து போகிற ஆசாமி. சென்னையில் பஸ் கண்டக்டர் முதற்கொண்டு அந்த முறைப்பை முறைத்துக் காட்டுகிறார்கள் என்று கிறிஸ்துராஜ் எழுதியிருந்தார். இப்படி ஒரு பிறவியை எங்கேதான் பிடித்தீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

எங்கேயும் போய்ப் பிடிக்கவில்லை. முறைப்பாண்டி என்பது அவருடைய மச்சான் பேயாண்டிதான், மனைவி செல்லக்கிளியின் ஒரே அண்ணன். எழுபத்தொன்பதில் காசிமாயன் கல்யாணத்தில், பாயசம் தன் இலையைத் தாண்டிப் பக்கத்து இலைக்குப் போய்விட்டது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனவர். பெண்ணின் அண்ணனே எழுந்து போனால் கல்யாண வீடு என்னத்துக்கு ஆகும். செல்லக்கிளி தாலி ஈரம் காயாமல் அழுதாள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த காசிமாயனோ, அந்தத் துண்டு உதறலை மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

ஏழு வருசம் பயமில்லாமல் எழுதினார். அப்போது மதுரைப் பக்கம் டிவியில் சென்னைப் படம் தெரியாது. சிரித்தவர்கள் எல்லாரும் முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தார்கள். அம்புட்டுத் தூரத்திலிருந்து மச்சானைக் கேலி பண்ணுவதற்குத் தைரியம் ஒன்றும் தேவைப்படவில்லை.

எண்பத்தேழு வாக்கில் இந்தப் பக்கமும் சென்னை நிகழ்ச்சி தெரிய ஆரம்பித்தது. வீடுவீடாக ஆன்டெனா முளைத்தது. பழைய நாடகங்களில் நல்லதாகப் பார்த்து மறுபடி போடப் போகிறோம், முதலில் பாயச நாடகம், வருகிற வியாழக்கிழமை என்று கிறிஸ்துராஜ் சந்தோஷமாகக் கடிதம் போட்டார். அதற்கு அடுத்த மாதம் காசிமாயனின் மூன்று வயது மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் என்று இருப்பது பேயாண்டி ஒருவர். அந்த மடி இல்லையென்றால் காதுகுத்து இல்லை, செல்லக்கிளிக்குப் பிறந்த வீடும் இல்லை.

"எங்கண்ணன் வரலைன்னா நான் உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்," என்றாள் செல்லக்கிளி. அவள் அப்படிச் சொன்னால் அப்படித்தான்.

நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்துப் பார்த்தார். அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. வியாழக்கிழமை கரண்ட் போக வேண்டும் என்று பாண்டி முனிக்கு வேண்டிக்கொண்டார். சாமி பாதி கேட்டது. காசிமாயன் தெருவில் கரண்ட் போனது. மச்சான் இருக்கிற சமயநல்லூரில் ஜம்மென்று எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்குத் தட்டோடு சமயநல்லூருக்கு பஸ் ஏறினார். பேயாண்டி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. நாடகம் பாத்தோம். பக்கத்து வீட்ல டிவி வாங்கியிருக்காக. தெருவே உக்காந்து பாத்துச்சு."

காசிமாயன் தட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"துண்ட உதறுறதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒண்ணுதான் தப்பு. அந்தாளு தனியா எந்திரிச்சுப் போறான். நான் தனியாவா போனேன்?"

இல்லை. கூடவே அவர் மனைவி ஒச்சாயியும் போனாள். நாடகத்தில் அவளுக்கு வசனம் இல்லை. வசனமில்லாத ஆறாவது ஆள் என்று காசிமாயன்தான் வெட்டியிருந்தார்.

"அஞ்சு பேருக்கு மேல கூடாதும்பாக மச்சான்."

"அது சரி." பேயாண்டி வாளியைக் கீழே வைத்தார். "அன்னைக்கி எந்தங்கச்சிக்கு ஆரத்தி எடுக்க இவ தட்டத் தூக்கிட்டுப் போனா. உங்காத்தா அத இவ கையில இருந்து வாங்கிருச்சு. பிள்ளையில்லாதவ எடுக்கக் கூடாது, நீ அடுப்படியப் பாருன்னு சொல்லுச்சு. நான் தூணுக்கு அங்கிட்டு நின்னேன். நான் பாத்தது இவளுக்குத் தெரியாது."

"கேட்டிருக்கலாமே மச்சான்."

"கேட்டா எந்தங்கச்சி உங்க வீட்ல எப்படிப் பொழைப்பா? பந்தியில உக்காந்து பாத்தா, இவ அடுப்புப் பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிறா. இனி ஒரு நிமிசம் அங்கன இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. பாயசம் வந்துச்சு, தோதா என் இலையத் தாண்டிருச்சு. பஸ்ஸுல பூரா என்னையத் திட்டிக்கிட்டே வந்தா, ஒரு கரண்டி பாயசத்துக்காய்யா இம்புட்டு ரோசம்னு. திட்டுற வேகத்துல அழுகைய மறந்துட்டா."

காசிமாயனுக்கு வெட்கமாக இருந்தது. ஏழு வருசமாக ஒரு மனுசன் பொண்டாட்டிக்காகப் போட்டுக்கொண்ட வேசத்தைக் காட்டித் தான் கைதட்டல் வாங்கியிருப்பது அப்போதுதான் உறைத்தது. இனி முறைப்பாண்டியை எழுதுவதில்லை, நிறுத்திவிடுகிறேன் என்றார்.

"நிறுத்திராதீக. வியாழக்கிழமை அவ சிரிச்சா மாப்ள. இவரேதான், எங்க வீட்டு ஆளேதான்னு தெருவுல எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எம்புட்டு வருசமாச்சு அவ அப்படிச் சிரிச்சு. பாயசத்தப் பாயசமாவே விட்ருங்க." பிறகு சொன்னார்: "காதுகுத்துக்கு வாரேன். அவளும் வருவா. அவள எங்க நிக்க வைக்கப் போறீகங்கிறத மட்டும் யோசிச்சுக்கங்க."

காசிமாயன் தட்டை அவரிடம் நீட்டவில்லை. உள்ளே போய் ஒச்சாயி கையில் கொடுத்து, "அக்கா, நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்," என்றார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வாங்க நேரமானது.

வீட்டுக்கு வந்து அம்மா இருளாயியிடம் விசயத்தைச் சொன்னார், உண்மையைச் சொல்லவில்லை. "ஒச்சாயி அக்காதான் ஆரத்தி எடுக்கணுமாம். இல்லேன்னா மச்சான் சபையில எந்திரிச்சுப் போயிருவாராம்."

"பிள்ளையில்லாதவ..." என்று இருளாயி ஆரம்பித்தாள்.

"பாயசத்துக்கே போன ஆளும்மா அது."

இருளாயி யோசித்தாள். "போகத்தான் செய்வான் அந்தக் கிறுக்கன்," என்றாள். அவளே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

காதுகுத்தன்று பேயாண்டி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது. ஒச்சாயி அதன் வாயில் சீனியை வைத்து, கண்ணை மறைத்துப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து ஆரத்தி எடுக்க அவள் தட்டைத் தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை. ஊர்க் கண்ணெல்லாம் பேயாண்டி எப்போது கோவிப்பார் என்று அவர் மேலேயே இருந்தது. அவர் முடிந்த மட்டும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.