இருட்டுக்குக் காவல் இருந்தவர்

எங்கள் அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் 'லைட் ஆஃப்'. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் டீக்கடைப் பக்கம் வந்தால் யாராவது ஒருவர் சுவிட்சைத் தட்டி விளக்கை அணைப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் கூடவே சிரித்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்பார். காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்கிற திறந்தவெளித் தியேட்டர் அவருடையது. கூரை கிடையாது, சுவர் கிடையாது, இருட்டு மட்டும்தான். எங்கிருந்தாவது வெளிச்சம் வந்து விழுந்தால் திரையில் இருக்கிறவர்கள் பேயறைந்ததுபோல் வெளுத்துப்போவார்கள்.

அந்தத் தியேட்டரை அவர் கட்டியதே அம்மாவின் வாய்க்காகத்தான். படம் பார்க்கும்போது அம்மாவால் பேசாமல் இருக்க முடியாது. "பாருங்க முழியை, இவன்தான் கொலைகாரன்" என்பாள். "அந்த வீட்டுக்குள்ள போகாதடி, சொன்னாக் கேளு" என்று கதாநாயகிக்குப் புத்தி சொல்வாள். கல்யாணமான புதிதில் டவுனில் படத்துக்குப் போனபோது முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். கடைசியில் டிக்கெட் கிழிப்பவர் வந்து முகத்தில் டார்ச் அடித்து, "வாயை மூடறதுன்னா இருங்க, இல்லன்னா கிளம்புங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

அப்பா அப்போது வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மிச்சக் கதையைத் தானே ஊகித்துச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டே ஊரை மூன்று சுற்றுச் சுற்றினாராம் அப்பா. காருக்குள் உட்கார்ந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஊருக்கு வெளியே, மெக்கானிக் பட்டறைகளையும் தாண்டி, சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்காத சரளை நிலம் ஒன்று கிடந்தது. அதை வாங்கி, கார்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்க வசதியாக வரிசை வரிசையாக மேடு கட்டினார். எதிரே இரும்புச் சட்டம் நிறுத்தித் தகடு அடித்து வெள்ளை பூசினார். பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தவர்களே பிறகு குடும்பத்தோடு வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள், குறட்டை விடுகிற மாமனார்கள், சண்டை போட்டுக்கொண்டே வந்து சண்டை போட்டுக்கொண்டே போகிற தம்பதிகள், எல்லோருக்கும் இடம் இருந்தது. கம்பத்தில் இருக்கும் ஸ்பீக்கரைக் கார் ஜன்னலில் மாட்டிக்கொள்ள வேண்டும். படம் முடிந்ததும் அதைக் கழற்ற மறந்து, ஒயரோடு பிய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் காலையில் கையில் ஸ்பீக்கரோடு அசடு வழிய வந்து நிற்பார்கள்.

எங்கள் வீடு, படம் ஓட்டும் அறைக்கு மேலே இருந்தது. படிக்கட்டு வெளிப்பக்கம். ஜன்னலில் ஒரு குண்டு பல்பு எரிந்தாலும் திரையில் தெரியும். அதனால் படம் தொடங்கினால் முடியும்வரை வீட்டில் விளக்குப் போடக்கூடாது. பொழுது சாய்வதற்குள் சமையல் முடிந்துவிடும். தட்டில் என்ன இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துத்தான் சாப்பிட்டோம். ஜன்னல் இல்லாத ஒரே அறை குளியலறை. அங்கே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து படித்துத்தான் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். அம்மாவோ இருட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்த்த படத்தையே பார்த்து, திட்டின ஆட்களையே திட்டிக்கொண்டிருப்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

பிறகு ஊர் எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. பெட்ரோல் பங்க் வந்தது, அப்பா போய்ப் பேசிப் பெயர்ப்பலகை விளக்கை அணைக்கச் சொன்னார். புது வீடுகள் வந்தன, வாசல் விளக்கை அணைப்பவர்களுக்கு இலவசமாகப் படம் காட்டினார். கடைசியில் சாலையை அகலப்படுத்தி வரிசையாக உயரமான கம்பங்களை நட்டார்கள். அப்பா அதிகாரியைப் பார்க்கப் போனார். கூட நானும் போனேன்.

"ரெண்டே ரெண்டு கம்பம் சார். படம் ஓடற நேரத்துக்கு மட்டும் அணைச்சா போதும்."

"நீங்க படம் காட்டறதுக்காக ரோட்டுல போறவன் அடிபட்டுச் சாகணுமா?"

அப்பா கும்பிட்டுவிட்டு எழுந்தார். அதிகாரி சொன்னதில் என்ன தப்பு?

வெளியே தோற்ற கோபத்தை வீட்டுக்குள் காட்டினார். படம் ஓடாத நேரத்தில்கூட விளக்கு என்றாலே முகம் சுளித்தார். அம்மாவுக்கு அப்போது பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. படி தெரியவில்லை என்று கீழ்ப்படியில் ஒரு சின்னப் பல்பு மாட்டிக்கொண்டாள். அப்பா அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஊர் முழுக்க எரியுது. இந்த ஒரு பல்புதான் உங்க படத்தைக் கெடுக்குதா?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டுலயே எரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்தவனைக் கேக்கறது?"

நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் முதல் காட்சி. மைதானத்தில் நாலைந்து கார்கள்தான். கீழே படம் ஓட்டுகிற ஆபரேட்டருக்கு டீ எடுத்துக்கொண்டு அம்மா படியிறங்கியிருக்கிறாள். நான் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. படத்தில் பெரிய சண்டைக் காட்சி. அவள் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. டீ வரவில்லையே என்று ஆபரேட்டரும் தேடவில்லை. இடைவேளைக்கு அப்பா தன் கையாலேயே மைதான விளக்குகளைப் போட்டார். அப்போதுதான் படிக்குக் கீழே அம்மா கிடப்பது தெரிந்தது.

"உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா வலது கை விளங்காது, பேச்சு வர்றதும் கஷ்டம்" என்றார் டாக்டர். அந்த வெயில் காலம் முடிவதற்குள் தியேட்டரையும் மூடினோம். கிடங்கு கட்டுகிறவர்கள் நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பல்பை அப்பா திரும்ப மாட்டிவிட்டார். பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அப்பாமேல் கோபம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

திரையைப் பிரிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மாவைப் பழைய காரின் முன்சீட்டில் தூக்கி உட்காரவைத்தார் அப்பா. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மைதானத்தின் முதல் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். சாலை விளக்குகள் எல்லாம் எரிந்து, சரளைக்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. திரை வெறும் தகரமாக நின்றது. என் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தாததால் காருக்குள் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

அப்பா திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஏதாவது சொல்லு. என்னைத் திட்டவாவது செய். நீ பேசறதுக்குத்தானே இதைக் கட்டினேன்."

அம்மாவின் உதடு அசைந்தது. நான் முன்னால் குனிந்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், தலைக்கு மேலே எரியும் சின்ன விளக்கைப் பார்த்தாள். விளங்குகிற இடது கையை மெல்ல மெல்லத் தூக்கி, தடவித் தடவிச் சுவிட்சைக் கண்டுபிடித்து அதை அணைத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, படம் தொடங்கக் காத்திருப்பவளைப்போல நேரே பார்த்து உட்கார்ந்தாள்.

அப்பா ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் கதவைச் சரியாக இழுத்துச் சாத்தினேன்.